கணக்கு எழுத மாட்டோம்: 1429-ல் நடந்த ஒரு வரிக் கலகம்

போன இரண்டு எபிசோடுகளில் ஐரோப்பாவின் இடைக்காலக் கலகங்களைப் பற்றிப் பேசினோம். அதற்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "அதெல்லாம் சரி ப்ரோ, நம்ம ஊர்ல ஜனங்க அரசை எதிர்த்து எழுந்ததே இல்லையா?"

எழுந்திருக்காங்க. 1429-ல. என்ன காரணம், என்ன முடிவெடுத்தார்கள் என்பதைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்கூலில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. இன்ஜினியரிங் முடித்து, வேலைக்குப் போய், நானாகப் படித்துத் தெரிந்துகொண்டபோது வயசு இருபத்தஞ்சு தாண்டிடுச்சு. இன்றைய எபிசோடு அதைப் பற்றித்தான். அதுக்கு முன்னாடி ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும்.

நோட்டு யார் கையில்?

நான் பெரிய காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம் பக்கம். அப்பா கூலிக்குப் பட்டு நெய்தவர். பட்டையும் ஜரிகையையும் முதலாளி வீட்டில் எடை போட்டுக் கொடுப்பார்கள். புடவை நெய்து முடித்துக் கொண்டுபோனால் மறுபடியும் எடை. குறைந்தால் பிடித்தம். அழுக்குப் பட்டிருக்கு, கரை சரியா வரலை என்றால் இன்னொரு பிடித்தம். எல்லாம் ஒரு நோட்டில் ஏறும். அந்த நோட்டு முதலாளியிடம் இருக்கும். எங்களிடம் இருந்தது அப்பாவின் ஞாபகம் மட்டும்.

ஒரு தீபாவளிக்கு முன்னாடி, வாங்கின முன்பணம் அடைஞ்சிடுச்சு, இந்தத் தடவை கூலி முழுசா வரும் என்று நினைத்துக்கொண்டு அப்பா போனார். இன்னும் பாக்கி இருக்குன்னு நோட்டு சொன்னது. யார் கணக்கு சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியே இல்லை, அதுதான் விஷயம். அப்பா சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து, "எழுதறவன் கைலதான்டா கணக்கு" என்று மட்டும் சொன்னார்.

இந்த ஒரு வரியை மனசில் வச்சுக்குங்க. 1429-க்குப் போகலாம்.

யார் வரி கேட்டார்கள்?

1360-களில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் படையோடு வந்தார். தமிழ்நாட்டின் பெரும்பகுதி, நம்ம காஞ்சிபுரம் உட்பட, விஜயநகர ஆட்சிக்குள் வந்தது. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தைத் தினமும் பார்க்கிறோமே, அது 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. விஜயநகரம் என்றாலே நமக்கு அந்தக் கோபுரம்தான் ஞாபகம் வரும். கோபுரத்துக்கும் படைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கதையின் மறுபக்கம்.

1429-ல் ஆட்சியில் இருந்தவர் இரண்டாம் தேவராயர். வடக்கே பாமினி சுல்தான்களோடு திரும்பத் திரும்பப் போர். போர் என்றால் குதிரை வேண்டும், வில்லாளிகள் வேண்டும், எல்லாத்துக்கும் காசு வேண்டும். அந்தக் காசு கடைசியில் ஊரிலிருந்துதான் வரணும்.

ஊரில் வசூல் செய்தவர்கள் யார் யார்? அந்தக் காலக் கல்வெட்டுகளில் மூன்று பெயர்கள் வருகின்றன. முதலாவது இராசகரத்தார், அதாவது அரசு அதிகாரிகள். இரண்டாவது சீவிதக்காரர். அரசுக்குச் செய்யும் சேவைக்குச் சம்பளமாக ஒரு பகுதியின் வருமானத்தைப் பெற்றவர்கள். இன்றைய பாஷையில் சொன்னால், "உனக்குச் சம்பளம் தர மாட்டேன், இந்த ஏரியாவை வச்சுப் பிழைச்சுக்கோ" என்கிற ஏற்பாடு. மூன்றாவது காணியாளர். நிலத்தில் பரம்பரை உரிமை உள்ளவர்கள், பெரும்பாலும் பிராமணர்களும் வெள்ளாளர்களும். மேலே இருப்பவர் கேட்பதைக் கீழே இருப்பவர் தலையில் இறக்கி வைக்கும் இடத்தில் இவர்கள் இருந்தார்கள்.

அந்தக் கீழே இருந்தவர்கள்தான் இந்தக் கதையின் நாயகர்கள்: வலங்கை 98, இடங்கை 98.

சோழர் காலத்திலிருந்தே கல்வெட்டுகளில் வரும் பெயர்கள் இவை. பயிர் செய்பவர்கள், கைவினைஞர்கள், வியாபாரிகள் என்று பல சாதிகள் இரண்டு பெரிய அணிகளாகப் பிரிந்து நின்றன. 98 என்பதை எண்ணிப் பார்த்த கணக்காக எடுத்துக்க வேண்டாம், "எல்லாரும்" என்று சொல்லும் மரபு எண் அது. இந்த இரண்டு அணிக்கும் ஒத்துப்போகாது. யார் எந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம், யார் எந்தக் கொடி பிடிக்கலாம், யார் சங்கு ஊதலாம் என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை.

1429-ல் இந்த இரண்டு அணியும் ஒன்றாக உட்கார்ந்தன.

சுவர் என்ன சொல்கிறது?

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலில் கூடியவர்களின் தீர்மானம் இது. இராசகரத்தாரும் சீவிதக்காரரும் கொடுமை செய்கிறார்கள். ஆகவே அவர்களுக்குத் துணைபோகிறவர்களுக்கு யாரும் அடைக்கலம் தரக்கூடாது. அவர்களுக்குக் கணக்கு எழுதக்கூடாது. அவர்கள் சொல்வதற்கு இணங்கக்கூடாது. மீறுகிறவர் நாட்டுத் துரோகி, அவரைக் குத்த வேண்டும்.

கடைசி வரி கொடூரமானதுதான், மழுப்ப வேண்டாம். ஆனால் நடுவில் இருக்கிற வரியைப் பாருங்க: கணக்கு எழுதக்கூடாது.

அதிகாரி வெளியிலிருந்து வருகிறவர். எந்த நிலம் எவ்வளவு, அதில் என்ன பயிர், யார் உழுகிறார் என்பது ஊர்க் கணக்கில்தான் இருக்கும். அது இல்லாமல் வாளை வைத்து ஒருமுறை கொள்ளையடிக்கலாம், வருஷா வருஷம் வரி வசூல் பண்ண முடியாது. நான் சாஃப்ட்வேர் ஆள், எனக்கு இது உடனே புரிந்தது. சர்வரை உடைக்கத் தேவையில்லை, டேட்டாவை நிறுத்தினால் போதும் என்பதை அவர்கள் அறுநூறு வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாங்க.

அடுத்து, காவிரிக் கரைச் சீமையில் கொறுக்கை. அங்குள்ள கல்வெட்டின் சாரத்தை என் வார்த்தையில் சொல்றேன். விளைச்சலைப் பார்த்து வரி போடாமல் அநியாயமாகப் போட்டார்கள். ஊரைவிட்டே போய்விடலாம் என்றிருந்தோம். அப்புறம்தான் யோசித்தோம், மண்டலம் முழுக்க நாம் ஒன்றாக இல்லாததால்தான் இந்த அநியாயம் நடக்கிறது. இனி விளைச்சலுக்கு ஏற்ற நியாயமான வரியை மட்டும் கட்டுவோம், முறையில்லாததைக் கட்ட மாட்டோம்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். தப்பு அதிகாரிமேல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நாம் பிரிந்து கிடந்ததும் ஒரு காரணம் என்று தங்களைத் தாங்களே குற்றம் சொல்லி, அதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது, கும்பகோணம் பக்கத்தில் திருவைகாவூர். அங்கே எவ்வளவு வரி என்பதை மக்களே பட்டியல் போட்டுவிட்டார்கள். நெல்லுக்கு ஒரு விகிதம், வாழைக்கும் கரும்புக்கும் ஒரு விகிதம், மஞ்சள், இஞ்சி, வெங்காயம், பூசணி என்று பயிர் பயிராகத் தனி விகிதம். இனி எந்த அதிகாரி வந்து கேட்டாலும், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரைக் காட்டலாம். நோட்டு முதலாளி வீட்டிலிருந்து ஊர்ப் பொது இடத்துக்கு வந்துவிட்டது.

லண்டனிலும் ஃபுளோரன்ஸிலும்

இதே காலத்தில் வேறு இடங்களில் என்ன நடந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் எடை புரியும்.

1381, இங்கிலாந்து. நாலு வருஷத்துக்குள் மூன்றாவது தலைவரி, பதினைந்து வயதுக்கு மேல் ஆளுக்கு ஒரு ஷில்லிங் என்ற கணக்கில். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே பாரம். மக்கள் எழுந்தார்கள், லண்டனுக்குள் நுழைந்தார்கள், கண்ணில் பட்ட ஆவணங்களைக் கொளுத்தினார்கள். ஜூன் 14-ஆம் தேதி, பதினாலு வயசு ராஜா இரண்டாம் ரிச்சர்டு மைல் எண்ட் என்ற இடத்தில் அவர்களைச் சந்தித்து, பண்ணையடிமை முறை ஒழியும், நில வாடகை ஏக்கருக்கு நாலு பென்னிதான் என்று ஒப்புக்கொண்டார். எழுத்தர்கள் உட்கார்ந்து சாசனம் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த நாளே தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டார். ஜூலை 2-ஆம் தேதி எல்லாச் சாசனமும் ரத்து. எழுதிக் கொடுத்தது ராஜா, அதனால் ராஜாவே கிழிக்க முடிந்தது.

1378, ஃபுளோரன்ஸ். இது எனக்கு ரொம்ப நெருக்கமான கதை, ஏன்னா இது கம்பளித் துணித் தொழிலாளிகள் கதை. சியோம்பி என்று பெயர். சங்கம் வைக்கும் உரிமையே அவர்களுக்கு இல்லை. ஜூலையில் எழுந்து நகர ஆட்சியைப் பிடித்தார்கள். மிக்கேலே டி லாண்டோ என்ற கம்பளித் தொழிலாளி நகரத்தின் தலைமைப் பதவியில் உட்கார்ந்தார். சாயக்காரர்களுக்கு ஒன்று, தையல்காரர்களுக்கு ஒன்று, மிச்சத் தொழிலாளிகளுக்கு ஒன்று என்று மூன்று புதுச் சங்கங்கள் வந்தன. ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் மற்றச் சங்கங்கள் சேர்ந்து அடித்தன, அதில் லாண்டோவே எதிர்ப்பக்கம். அடிமட்டத் தொழிலாளிகளின் சங்கம் முதலில் போனது. தப்பித்த மற்ற இரண்டும் 1382-ல் போயின.

லண்டனில் ஒப்பந்தம் ராஜா கையில் இருந்தது. ஃபுளோரன்ஸில் தொழிலாளிகள் மூன்றாகப் பிரிந்து கிடந்தார்கள். 1429-ல் நம்ம ஆட்கள் இந்த இரண்டு ஓட்டையையும் அடைத்தார்கள். பகையாளியோடு சேர்ந்தார்கள், விகிதத்தைத் தாங்களே எழுதினார்கள். ஒரு வாட் டைலர் மாதிரி தனி ஹீரோ இந்தக் கதையில் இல்லை. ஒருத்தரை வெட்டி இதை முடிக்க முடியாது.

அப்புறம் என்ன ஆச்சு?

ராஜ்யம் கவிழவில்லை. கவிழ்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவும் இல்லை. ஆனால் 1440-களில் ஓர் அரச ஆணை வருகிறது: புதிதாகப் பதவிக்கு வரும் அதிகாரிகள் குடிமக்களிடம் கட்டாயக் காணிக்கை வாங்கக்கூடாது என்று. கலகம்தான் இதற்கு நேரடிக் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மக்கள் வாய்விட்டுச் சொன்ன குறை, இருபது வருஷத்துக்குள் ராஜாவின் ஆணையிலும் ஏறிவிட்டது.

நெசவாளர்களும் இந்த நூற்றாண்டில் மேலே வருகிறார்கள். காஞ்சிபுரத்துக் கைக்கோளர்களுக்குத் தண்டு என்ற பல்லக்கும் சங்கும் பயன்படுத்தும் உரிமை இருந்தது. 1480-களில் தென்னாற்காட்டுப் பக்கத்துக் கைக்கோளர்களுக்கும் அதே உரிமை கிடைத்தபோது, முன்மாதிரியாகக் காட்டப்பட்ட ஊர்களில் ஒன்று நம்ம காஞ்சிபுரம்.

ஆனா அந்த உரிமையின் வடிவத்தைக் கவனிங்க. பல்லக்கு, சங்கு. "அவங்களுக்கு இருக்கு, எங்களுக்கும் வேணும்." வரியில் சேர்ந்தவர்கள் மரியாதையில் மறுபடியும் பிரிந்தார்கள். 1707-ல் மெட்ராஸில், கவர்னர் தாமஸ் பிட் காலத்தில், கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போவது என்று வலங்கையும் இடங்கையும் மோதிக்கொண்டன. கடைசியில் கம்பெனி உட்கார்ந்து, பெத்தநாயக்கன்பேட்டை உனக்கு, முத்தியால்பேட்டை உனக்கு என்று தெரு பிரித்துக் கொடுத்தது. கொறுக்கையில் சொந்தமாக யோசித்து ஒன்றுசேர்ந்தவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்களுக்கு, 278 வருஷம் கழித்து வெளியாள் வந்து பஞ்சாயத்துப் பண்ண வேண்டியிருந்தது.

இதனால்தான் 1429 எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒற்றுமை அவர்களுக்கு இயல்பாக இருந்தது இல்லை. அதுக்கு முன்னாடியும் இல்லை, பின்னாடியும் நிலைக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட வருஷத்தில், ஒரு குறிப்பிட்ட அநியாயத்துக்காக, கஷ்டப்பட்டு உண்டாக்கினது. அதனால் அது திரும்பவும் உண்டாக்க முடிகிற ஒன்றுதான்.

போன வருஷம் எங்க தெருவில் ஒரு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்களும் கூலிக்கு நெய்கிறவங்க. பட்டு வாங்கும்போதும் புடவை கொடுக்கும்போதும் தராசைப் போனில் போட்டோ எடுத்து வச்சிருக்காங்க. தேதி வாரியா இருக்கு. "எதுக்குக்கா?" என்று கேட்டேன். "சும்மாதான்பா, நம்ம கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்" என்றார். பக்கத்து வீட்டுக்காரரும் எடுக்க ஆரம்பிச்சிருக்கார். ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை அவ்வளவாக் கிடையாது. போட்டோவை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துக்கறாங்க.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "அப்போ எங்கிட்ட போன் இல்லையேடா" என்றார்.

உங்க ஊர்க் கோயில் சுவரில் இப்படி வரிக் கணக்கு ஏதாவது வெட்டியிருந்தால் எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.