எட்டு நாள் படப்பிடிப்பும் பறக்கும் மனிதனும்

தொலைக்காட்சித் தொடர் எடுத்தவரிடம் பெரிய சூப்பர்ஹீரோ படத்தைக் கொடுக்கலாமா என்ற கேள்வி மார்வல் காலத்தில் வந்ததுபோலப் பேசுகிறோம். அந்த வகைப் படங்களோடு சேர்ந்தே பிறந்த கேள்வி அது. 1978இல் ‘சூப்பர்மேன்’ எடுத்த ரிச்சர்ட் டோனர், 1960கள் முழுக்க டிவிக்கு உழைத்தவர்.

‘தி ட்வைலைட் ஸோன்’ தொடரில் 1963இல் அவர் இயக்கிய ஓர் அத்தியாயம். விமானத்தில் சன்னலோரம் வில்லியம் ஷாட்னர். வெளியே இறக்கையின்மேல் ஒரு ஜந்து எஞ்சினைப் பிய்க்கிறது. அது உரோம உடை மாட்டிய ஆள் என்று இன்று நல்லாவே தெரியும். ஆனாலும் பயம் வருது. டோனர் ஜந்துவை விட ஷாட்னரின் முகத்தைத்தான் நம்பியிருக்கிறார்.

‘சூப்பர்மேன்’ படப்பிடிப்பில் ‘மெய்போலத் தோன்ற வேண்டும்’ என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லை எழுதி மாட்டியிருந்தாராம். பொறியியல் படித்தவனாக எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது. ஸோரான் பெரிசிச் உருவாக்கிய முறையில் ப்ரொஜெக்டருக்கும் கேமராவுக்கும் ஸூம் லென்ஸ் பொருத்தி, இரண்டையும் ஒரே நேரத்தில் நகர்த்தினார்கள். பின்னணியின் அளவு மாறாது. இடம் மாறாத நடிகர் மட்டும் நம்மை நோக்கிப் பறந்து வருவார். ஆனால் கிறிஸ்டோபர் ரீவின் முகத்தில் பறக்கும் சந்தோஷம் இல்லையென்றால் அது வெறும் லென்ஸ் வேலைதான். அந்த முகத்தைக் கவனிக்கும் பழக்கம் டோனருக்கு டிவியிலேயே இருந்தது.

டிவி அவரைக் காப்பாற்றாத இடமும் உண்டு. செலவு ஏறியது, நாள் இழுத்தது, தயாரிப்பாளர்களான சால்கைண்டுகளோடு சண்டை. இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதியை எடுத்து முடித்திருந்தும் அவரை நீக்கிவிட்டு, ரிச்சர்ட் லெஸ்டரை வைத்து முடித்தார்கள். டோனரின் வடிவம் 2006இல்தான் வெளிவந்தது.

இதன் காரணம் அமெரிக்க டிவி இயங்கும் விதத்திலேயே இருக்கிறது. ஒரு மணி நேர அத்தியாயத்தை எட்டு, பத்து நாளில் எடுக்கணும். கதை, நடிகர், தோற்றம் எல்லாம் ஏற்கெனவே முடிவானவை. கடைசிச் சொல் எழுத்தாளர்-தயாரிப்பாளருடையது. இயக்குநர் விருந்தாளி மாதிரி. வேகம் கைவரும், அதிகாரம் கைவராது.

ஆலன் டெய்லர் ‘தி சொப்ரானோஸ்’ தொடருக்காக எம்மி வாங்கியவர், ‘மேட் மென்’ முதல் அத்தியாயத்தை இயக்கியவர். 2013இல் ‘தோர்: தி டார்க் வேர்ல்ட்’ எடுத்தார். படப்பிடிப்பில் தனக்குச் சுதந்திரம் இருந்தது, எடிட்டிங்கில் அது வேறு படமாகிவிட்டது என்று பின்னாளில் வருந்தினார். அடுத்த ஆண்டே ருஸ்ஸோ சகோதரர்கள் வந்தார்கள். அவர்களும் எம்மி வாங்கியவர்கள், ‘அரெஸ்டட் டெவலப்மெண்ட்’ முதல் அத்தியாயத்துக்கு. 22 நிமிடத்துக்குள் ஒன்பது பேர் கொண்ட குடும்பத்தை மேய்த்த கை, ‘சிவில் வார்’ விமான நிலையச் சண்டையில் யாரையும் தொலைக்காமல் பார்த்துக்கொண்டது. 2019 வரை மார்வலுக்கு நான்கு படங்கள் எடுத்தார்கள்.

டெய்லருக்கு அனுபவம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ருஸ்ஸோக்கள் ‘வின்டர் சோல்ஜரை’ 1970களின் அரசியல் த்ரில்லர் போல எடுப்பதென்று முன்கூட்டியே ஸ்டுடியோவோடு ஒத்துப்போயிருந்தார்கள். மார்வலில் கெவின் ஃபைகி வகிப்பதும் கிட்டத்தட்ட அந்த எழுத்தாளர்-தயாரிப்பாளர் இடம்தான். அதனால் டிவிக்காரர்கள் அங்கே எளிதில் பொருந்துவது உண்மை. அந்தப் பொருத்தத்தைத் திறமை என்று ஸ்டுடியோ சொல்கிறது. எனக்கென்னவோ, பாதி நேரம் அது பணிவைத்தான் தேடுகிறது என்று தோன்றுகிறது. டோனரிடம் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. நாம் இன்றும் திரும்பப் பார்ப்பது அவர் படத்தைத்தான்.