சட்டங்கள் நூலான வரலாறு

ஒரு நாட்டின் சட்டங்கள் காலந்தோறும் இயற்றப்படுவன, திருத்தப்படுவன, சில நீக்கப்படுவன. இன்று நடப்பில் உள்ளது எது என்பதைக் குடிமக்கள் அறிய வேண்டுமாயின், அவை முறையாகத் தொகுத்து வெளியிடப்படல் வேண்டும். இப்பணி நம் நாட்டில் நடந்த வகையை ஈண்டுக் காண்போம்.

சிலாங்கூரில் அரசு மன்றம் 1877இல் அமைந்தது. அந்நாளில் ஆங்கில ரெசிடெண்டின் இருப்பிடம் கிள்ளான்; 1880இல்தான் அது கோலாலம்பூருக்கு மாறிற்று. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896இல் ஒரு கூட்டாட்சியாயின. எனினும் பொதுவான சட்டமன்றம் 1909இல்தான் ஏற்பட்டது. அதுவரை ஒரே பொருள் பற்றிய சட்டத்தையும் நான்கு நாடுகளும் தனித்தனியே இயற்ற வேண்டியிருந்தது.

இவ்வாறு சிதறிக் கிடந்தவற்றுள் 1877 முதல் 1920 வரையிலானவற்றை வவுல்ஸ் என்பார் திரட்டித் தந்தார். 1934இன் இறுதியில் நடப்பிலிருந்த சட்டங்களைக் கொண்டு மற்றொரு தொகுப்பு எழுந்தது. விடுதலைக்குப்பின், சட்டங்களைச் சீர்பதிப்புச் செய்வதற்கென்றே பாராளுமன்றம் 1968இல் ஒரு சட்டம் இயற்றியது. மலேசியச் சட்ட வரிசையில் 'சட்டம் 1' என்னும் எண் பெற்றது அதுவே. அதன்படி அமர்த்தப்படும் ஆணையர் பழைய சட்டங்களை ஒழுங்குபடுத்திப் புது எண்ணிட்டு வெளியிடலாம். அவற்றின் பொருளை மாற்றுதல் அவர் உரிமையன்று. அவ்வுரிமை பாராளுமன்றத்திற்கே உண்டு.

இவ்வேறுபாடு எத்துணை இன்றியமையாதது என்பதை ஒப்பந்தச் சட்டம் காட்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் தழுவி 1899இல் இந்நான்கு நாடுகளிலும் சட்டம் செய்தனர். அது 1950இல் மலாய் மாநிலங்கள் அனைத்திற்கும் உரியதாயிற்று. 1974இல் சீர்பதிப்புப் பெற்று 'சட்டம் 136' ஆகி நாடெங்கும் பரவிற்று. உரிய வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்னும் விதியும் இந்தியாவிலிருந்து உடன் வந்ததே.

அவ்விதி ஆசிரியர்களைத் தொட்டது. அரசாங்கச் செலவில் பயிற்சி பெற்று, குறித்த காலம் பணிபுரிவதாக இளவயதில் கையொப்பமிட்ட ஒருவர் இடையில் விலகினார். 1971இல் வெளிவந்த தீர்ப்பு அவ்வொப்பந்தம் செல்லாது என்றது. ஆயினும் கல்வி வாழ்க்கைத் தேவையாதலின், அதற்குரிய தொகையைச் செலுத்த வேண்டுமென்றது. பின்னர்ப் பாராளுமன்றம் 1976இல் திருத்தச் சட்டம் இயற்றி, கல்வி உதவி ஒப்பந்தங்கள் வயதுக் குறைவால் செல்லாதனவாகா என விதித்தது.

ஆகவே 1974ஆம் ஆண்டுப் பதிப்பை மட்டும் படித்த பயிற்சி மாணவர் ஒருவர், தம் கையொப்பம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்றே எண்ணியிருப்பார். வெளியிடப்படும் வரை எச்சட்டமும் நடப்புக்கு வாராது என்பது நம் அரசியலமைப்பின் 66ஆம் விதி. வெளிவந்ததைத் தேடிப் படித்தல் நம் கடமை. சட்ட நூலைக் கையிலெடுப்போர், அது எந்நாள் வரையிலான திருத்தங்களைக் கொண்டது என்பதை முதலில் நோக்குக. அதற்குப் பிந்தியவற்றை அரசிதழில் காண்க.