பிரஜாவுரிமை

குடியுரிமையை இலங்கைச் சட்டத் தமிழ் பிரஜாவுரிமை என்கிறது. வடமொழியில் ‘பிரஜா’ முதலில் பிள்ளையையும் சந்ததியையும் குறித்தது. பிறத்தலைச் சொல்லும் ‘ஜன்’ அதன் வேர். அரசனின் மக்கள் என்ற பொருள் பின்னர் சேர்ந்தது. நம் ‘குடி’க்கும் குலம், குடும்பம் என்ற பொருள் உண்டு, திருக்குறளின் ‘குடிமை’ அதிகாரம் பேசுவது குடிப்பிறப்பைத்தான்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் ‘வம்சாவளிப் பிரஜாவுரிமை’, தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தவரா என்று கேட்டது. பதிவுச் சான்று காட்ட முடியாத மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவராயினர். பெரும் அநீதி அது. இரட்டைப் பிரஜாவுரிமை 1987இல் வந்தது. வம்சாவளியில் தாய்க்குத் தந்தையோடு சமஇடம் 2003 திருத்தத்தில்தான் கிடைத்தது. பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணுவோர் பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்களை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.