இணுவில் ஆஸ்பத்திரிக்கு வந்த காசு

இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் நம்மிடையே பலர். அது எவருடைய காசில் எழுந்தது என்று நாம் கேட்டதில்லை.

பெண்கள் ஆண் வைத்தியரிடம் காட்டக் கூசிய காலம். 1880களில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்கச் சகோதரிகள் மேரி லீச், மார்கரெட் லீச் இருவரும் பின்னர் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் சபை சபையாகப் பேசி நிதி திரட்டினார்கள். 1890இல் ஒரு நூலும் வெளியிட்டார்கள். தலைப்பு, ‘இலங்கையில் ஏழு ஆண்டுகள்’. முதலில் இருந்தார்கள், பிறகுதான் கேட்டார்கள். 1898இல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான அந்த ஆஸ்பத்திரி திறந்தது. கட்டடத்தோடு நில்லாமல், இசபெல்லா கர் என்ற ஸ்கொட்லாந்துப் பெண் வைத்தியரும் வந்து பல்லாண்டு அங்கே உழைத்தார்.

நாம் செய்தது வேறு. இராப்போசன விருந்து வைத்துச் சேர்த்த காசில் ஊருக்கு ஒரு ஸ்கான் இயந்திரம் அனுப்பினோம். இயக்க ஆளில்லை, துணி போர்த்தியபடி கிடந்தது. பிழை நம்முடையதே. என்ன தேவை என்று அங்குள்ள தாதியிடம் நம்மில் ஒருவரும் விசாரிக்கவில்லை (இதை எழுதுபவர் உட்பட).

இவ்வருடம் தொண்டுக்கு வரும் தங்கைமார் தம் விமானச் செலவைத் தாமே ஏற்கிறார்கள். சங்க நிதி, ஊரிலேயே இருக்கும் தாதி ஒருவரின் மூன்று வருடச் சம்பளத்துக்கு. இரண்டாம் வருடத்துக்கு இன்னும் காசு சேரவில்லை.