கோளக் கொத்துக்களும் இரட்டை உடுக்களும்

பல்லாயிரம் உடுக்கள் ஈர்ப்பினாற் பிணிப்புண்டு உருண்டையாய்த் திரண்டு நிற்பதே கோளக் கொத்தாகும். அதன் மையம் இறுகிக்கொண்டே சென்று சரிந்துவிடாதோ என்னும் வினா அறிஞரை வருத்திற்று. 1961 இல் பிரெஞ்சு வானியலறிஞர் மிசேல் எனோன், மையத்திற் சத்தியை ஊட்டவல்லன நெருங்கிய இரட்டை உடுக்களே எனச் சுட்டினார். இறுகப் பிணைந்த இரட்டைகள் அயலுடுக்களைச் சந்திக்குந்தோறும் பெரும்பாலும் மேலும் இறுகி, அவற்றுக்கு வேகம் அளிக்கும் என்பதை 1975 இல் டக்ளஸ் ஹெகி விளக்கினார்.

ஆயினும், 1979 இல் கன், கிரிபின் என்போர் மெசியர் 3 என்னும் கொத்தின் பேருடுக்களை நிறமாலைவழி ஆராய்ந்தபோது ஓரிரட்டையும் அகப்பட்டிலது. இரட்டைகள் அங்கு மிக அரியன என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1988 இல் அதே கொத்தில் ஓரிரட்டை உறுதியாயிற்று. பின்னர்ப் பிற கொத்துக்களிலும் பல வெளிப்பட்டன. தொகையிற் சிறியனவாகிய இவையே கொத்தின் மையச் சரிவைத் தடுத்து நிறுத்துவன. கண் காணுமுன் கணிதம் கண்ட உண்மை இது.