சுடாத பீரங்கி பிறந்த கதை

யாங்கூனிலிருந்து வடக்கே மிங்கலாடோன் விமான நிலையத்தைத் தாண்டிப் போனால் தௌக்யான். அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பியேவுக்கு, மற்றது பெகுவுக்கு. 1942 மார்ச் 7 அன்று, அப்போது ரங்கூன் எனப்பட்ட யாங்கூனைக் கைவிட்டுப் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டது. பியே சாலையை ஜப்பானியர் மறித்திருந்தார்கள். படையோடு தளபதி அலெக்சாண்டரும் இருந்தார். அவர் பர்மாவுக்கு வந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. தடுப்பை உடைக்க நடந்த தாக்குதல்கள் பலிக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் தடுப்பே இல்லை. மேற்குப் பக்கமாகச் சுற்றி ரங்கூனுக்குள் நுழையப் போன ஜப்பானிய டிவிஷன், தான் சாலையைக் கடக்கும்வரை காவலுக்குத்தான் அந்தத் தடுப்பைப் போட்டிருந்தது. கடந்து முடிந்ததும் எடுத்துவிட்டது. ஒரு படையே தப்பியது.

மேசைமேல் போர் ஆடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆட்டம் அமையாது. ஒரு சாலை, இரு பக்கமும் மரங்கள், நடுவில் ஒரு தடுப்பு, ஓரமாக 25 பவுண்டர் பீரங்கி ஒன்று. அந்தப் பீரங்கி உள்ளங்கைக்குள் அடங்கும். ஆனால் அது மேசைக்கு வந்துசேர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

முதல் அடியைப் பிரஷ்யாவில் வைத்தார்கள். 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, நிலத்தையே துண்டு துண்டாக மாற்றி அடுக்கக்கூடிய ஒரு மேசையை மன்னருக்குச் செய்து கொடுத்தார். அவருடைய மகன் பீரங்கிப் படை அதிகாரி. 1824இல் அவர் அதை விதிகளோடு கூடிய பயிற்சி விளையாட்டாக மாற்றினார். வரைபடத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டைகள். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் நீலம். எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைத் தாயக்கட்டையும் நடுவரும் சொல்வார்கள். வண்ணத்துக்கு அங்கே ஒரே வேலைதான்: எது யாருடைய படை என்று காட்டுவது.

அடுத்த அடி லண்டனில், ஒரு பொம்மைப் பட்டறையில். 1893இல் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தினர் உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கினார்கள். ஈயம் குறைவாகப் பிடித்ததால் விலை இறங்கியது. நடுத்தர வீட்டுப் பையனுக்கும் ஒரு படை கிடைத்தது. அந்தக் காலத்துப் பொம்மைக் கடைகளுக்கு ஸ்பிரிங் வைத்த பீரங்கியும் வந்தது. பின்பக்கம் திறந்து ஒரு சிறு மரத்துண்டைப் போட்டு விசையைத் தட்டினால் போதும், சில கஜ தூரத்தில் நிற்கும் பொம்மை சாய்ந்துவிடும்.

எச். ஜி. வெல்ஸ் மயங்கியது இதில்தான். சாண்ட்கேட் ஊரில் அவர் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்தபின், பக்கத்து மேசையில் இருந்த அந்தப் பீரங்கியை விருந்துக்கு வந்த நண்பர் எடுத்துக் குறி பார்க்கத் தொடங்க, ஒரு விளையாட்டு பிறந்தது. 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற பெயரில் அதன் விதிகள் புத்தகமாக வந்தன. அதில் தாயக்கட்டை கிடையாது. பீரங்கி நிஜமாகவே சுடும், பட்டவன் செத்தான். பக்கத்தில் நாலு சிப்பாய்களாவது இல்லாவிட்டால் பீரங்கி சுடக் கூடாது என்றும் ஒரு விதி வைத்தார். அடுத்த வருஷமே ஐரோப்பாவில் நிஜப் போர் மூண்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆட்டம் வேறு கைகளுக்குப் போனது. போரில் டாங்கிப் படையில் இருந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் 'வார் கேம்ஸ்' எழுதினார். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் மலிவான பிளாஸ்டிக் சிப்பாய்களும் அதற்குள் கடைக்கு வந்திருந்தன. தாயக்கட்டை திரும்பியது. ராத்திரி கண்விழித்து வண்ணம் தீட்டிய சிப்பாயின் மூஞ்சியில் மரத்துண்டால் அடிக்க யாருக்கு மனசு வரும்? சுடும் வேலை போனதும் பீரங்கிக்கு ஸ்பிரிங் வேண்டாமென்று ஆயிற்று. அந்த இடத்தில் நிஜப் பீரங்கியின் உறுப்புகளெல்லாம் வந்து உட்கார்ந்தன. வெல்ஸ் கேட்ட நாலு பேரும் பீரங்கிக் குழுவாகக் கூடவே நிற்கிறார்கள்.

ஒன்றுக்கு ஐம்பத்தாறு என்ற அளவில் 25 பவுண்டரை எடுத்துப் பாருங்கள். நீளம் எட்டு சென்டிமீட்டர். நிஜக் குழாயின் வாய் 87.6 மில்லிமீட்டர், பொம்மையில் ஒன்றரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். சன்னத் துரப்பணத்தால் அதைக் குடைந்துவிட்டால்தான் குழாய்க்கு உயிர் வரும். பிசிறைச் சுரண்டி, பிரைமர் அடித்து, அடிநிறம் பூசி, நீர்த்த கருநிறத்தை ஓட விட்டால் அது ஆணித் தலைகளைச் சுற்றித் தேங்கும். காய்ந்ததும், ஏறக்குறைய வறண்ட தூரிகையால் வெளிர்நிறத்தை விளிம்புகளில் மட்டும் உரச வேண்டும். டயருக்குக் கறுப்பு கூடாது, சாம்பல்தான் பொருந்தும். சுடும்போது பீரங்கி ஏறி நிற்கிற வட்டத் தளத்தின் விளிம்பில் வண்ணம் தேய்ந்திருக்க வேண்டும்.

ஒரு வேடிக்கையும் உண்டு. நிஜப் பீரங்கி சுமார் 12 கிலோமீட்டர் சுடும். பொம்மை அளவுக்குச் சுருக்கினாலும் இருநூறு மீட்டருக்கு மேல் வரும்; பீரங்கியை அடுத்த தெருவில்தான் நிறுத்த வேண்டும்! அதனால் பல விதிகளில் பீரங்கி மேசைக்கே வராது, நோட்டம் பார்ப்பவன் மட்டும் வருவான். பர்மா ஆட்டங்கள் இதற்கு விலக்கு. காட்டுச் சண்டையில் எதிரியை நேரே கண்ணால் பார்த்துப் பீரங்கி சுட்டதுண்டு. 1944இல் அரக்கானில் நடந்த 'அட்மின் பாக்ஸ்' முற்றுகை அப்படிப்பட்டது.

தௌக்யான் ஆட்டத்துக்குப் பீரங்கி தீட்டுகிறவர்கள் வழுக்கி விழும் இடமும் ஒன்று உண்டு. பர்மா என்றதும் பச்சைச் சட்டையும் காலில் சேறும் கை தானாகத் தீட்டிவிடும். பச்சை உடை பரவலானது அதற்குப் பிந்தைய வருஷங்களில். 1942இல் பின்வாங்கியவர்கள் போட்டிருந்தது காக்கிச் சட்டையும் அரைக்கால் சட்டையும். மார்ச் தொடக்கம் கோடை. பருவமழைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. எனவே சக்கரத்தில் ஒட்ட வேண்டியது சேறு அல்ல, மிங்கலாடோன் பக்கத்துச் செம்மண் புழுதி.

இதெல்லாம் வீண் நுணுக்கமா? அதே தௌக்யானில் இப்போது போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 6,374 பேர் அங்கே அடக்கம். கல்லறை அறியப்படாத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்களை நினைவுத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி இந்தியப் படையினர். ரைஸ்விட்ஸின் மகனுக்குச் சிவப்பும் நீலமும் போதுமாக இருந்தன, ஏனென்றால் அவருடைய கட்டைகள் எந்தப் போரையும் சேர்ந்தவை அல்ல. தௌக்யானுக்கென்று தீட்டும் பீரங்கிக்கு ஒரு தேதி உண்டு. டப்பாவைத் திறக்கும் முன் அந்தத் தேதியைப் பார்த்துவிட வேண்டும்.