அது மூலமாத்தான் இருக்கும்

உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சுவரெழுத்தைப் படிக்காமல் வர முடியாது. மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லை, வலி இல்லை. சின்ன வயதில் எழுத்துக் கூட்டிப் படித்ததே அதில்தான். எங்கள் பக்கம் மலத்தில் ரத்தம் வந்தால் அதற்கு இருக்கிற ஒரே பெயரும் அதுதான். சூடு ஏறிப்போச்சு, மோர் குடி, துத்திக்கீரை சாப்பிடு.

அப்பாவுக்கு எட்டு மாதம் அப்படித்தான் ஓடியது. 57 வயது, தோப்புக்குள் நாள் முழுக்க நடக்கிற ஆள். அம்மா ஒருநாள் போனில் அழுத பிறகுதான் எனக்கே தெரியும். கோவைக்குக் கூட்டிவந்து டாக்டரிடம் காட்டினேன். கொலோனோஸ்கோபி எழுதிக் கொடுத்தார்.

"போர்க்குழியில கேமரா உட்டுப் பாக்கற மாதிரியா? அதெல்லாம் எனக்கு வேண்டாஞ் சாமி. அது மூலமாத்தான் இருக்கும்."

அன்றிரவு நான் செய்தது, படித்த பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். வேறு வழி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். இருந்தது. அதற்கு, குழாய்க் கேமராவை விட வயதான ஒரு வரலாறும் இருந்தது.

கரீபியன் தீவுகளில் குவாயகம் என்று ஒரு மரம். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் அதன் கட்டையைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனது பால்வினை நோய்க்கு மருந்து என்று நம்பித்தான். நோய் குணமாகவில்லை. ஆனால் அந்த மரத்தின் பிசினுக்கு இன்னொரு குணம் இருந்தது. ரத்தம் பட்ட இடத்தில் அதோடு பெராக்சைடு சேர்ந்தால் நீலமாகும். 1864-ல் வான் டீன் என்ற டச்சுக்காரர் அதை ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையாக்கினார். 1901 வாக்கில் பெர்லினில் இஸ்மார் போவாஸ் அதை மலத்துக்குக் கொண்டுவந்தார். கண்ணுக்குத் தெரியாமல் கசிகிற ரத்தத்துக்கு 'மறைந்த ரத்தம்' என்று பெயரே அவரால்தான் நிலைத்தது. வயிற்று நோய்க்கென்று தனி மருத்துவத் துறையே உருவாகக் காரணமானவர்களில் அவர் ஒருவர். யூதர். 1938-ல் நாஜிகள் வியன்னாவுக்குள் வந்தபோது தற்கொலை செய்துகொண்டார்.

1960களில் ஒஹாயோவில் டேவிட் கிரிகர் என்ற டாக்டர் இந்தப் பிசின் தடவிய அட்டைகளை ஆட்களிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். நீங்களே தடவிக் கொண்டுவாங்க, அவ்வளவுதான். எனக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய திருப்பம் இதுதான் என்று தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் யார் முன்னாலும் துணி அவிழ்க்க வேண்டியதில்லை. மினசோட்டாவில் 46,551 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1993-ல் வெளிவந்தது. வருடா வருடம் அட்டை கொடுத்தவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய்ச் சாவு 33 சதவீதம் குறைந்திருந்தது.

பிசின் அட்டைக்கு ஒரு கோளாறு உண்டு. ஆட்டுக்கறி ரத்தமும் அதற்கு ரத்தம்தான், முள்ளங்கி தின்றாலும் நீலம் காட்டும். நோன்பி முடிந்த வாரத்தில் எங்கள் ஊரில் சோதித்தால் பாதி ஊருக்கு 'பாசிட்டிவ்' வரும். மனித ரத்தத்தின் குளோபினை மட்டும் பிடிக்கிற 'ஃபிட்' சோதனை வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஜப்பான் 1992-லேயே அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அப்புறம் மலத்தில் டிஎன்ஏ பார்க்கிற கோலோகார்டு 2014-ல், ரத்தத்தில் பார்க்கிற ஷீல்டு 2024-ல், இரண்டுக்கும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஷீல்டு புற்றுநோயை நூற்றுக்கு 83 பேரிடம் பிடிக்கிறது. நாளைக்குப் புற்றாகப் போகிற பெரிய முகிழ்களில் 13 சதவீதத்தைத்தான் பிடிக்கிறது. ஊசி குத்தினால் போதும் என்பதற்கான விலை அது.

குழாய் தான் சிறந்தது, வேறென்ன பேச்சு என்று கேட்கலாம். போலந்து, நார்வே, ஸ்வீடனில் கொலோனோஸ்கோபிக்கு வாங்க என்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு அழைப்பு அனுப்பினார்கள். 2022-ல் முடிவு வந்தது. அழைத்தவர்களில் வந்தது 42 சதவீதம். மற்றவர்கள் எல்லாம் எங்கப்பா மாதிரிதான் போல.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு அம்பிளிக்கை ஞாபகம் வந்தது. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, பழனி தாண்டினால் ஒட்டன்சத்திரம், அதற்குப் பக்கத்து ஊர். குடல் இல்லை, கருப்பைவாய்ப் புற்றுநோய். 2000த்தில் தொடங்கி, அங்கிருந்த கிறிஸ்தவ ஆஸ்பத்திரியை மையமாக வைத்து, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகள், புளிக்காடி மாதிரியான அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். லேப் கிடையாது. 2007-ல் லான்செட்டில் முடிவு வந்தது: சோதனை நடந்த ஊர்களில் சாவு 35 சதவீதம் குறைவு. சோளக்காட்டுக்கும் முருங்கைத் தோப்புக்கும் நடுவில் நடந்த வேலையை உலகமே படித்தது.

அதனால் மலிவான சோதனை கிராமத்தில் எடுபடாது என்று யாரும் எங்களிடம் சொல்ல முடியாது. ஆனாலும் 2016-ல் மத்திய அரசு வகுத்த பரிசோதனைப் பட்டியலில் வாய், மார்பு, கருப்பைவாய் மூன்றுதான். 2023-ல் ஈரோடு உட்பட நான்கு மாவட்டங்களில் தமிழக அரசு தொடங்கியதிலும் அதே மூன்று. காரணம் இருக்கிறது. மேற்கை விட இங்கே பெருங்குடல் புற்றுநோய் மிகக் குறைவு. எல்லோருக்கும் ஃபிட் கொடுத்தால் பாசிட்டிவ் வருகிற அத்தனை பேருக்கும் கடைசியில் கொலோனோஸ்கோபிதான் செய்ய வேண்டும். ஃபிட் ஒரு சல்லடை. சலித்ததைப் பார்க்க ஆள் வேண்டுமே. இந்த நியாயம் எனக்குப் புரிகிறது. புரிந்தாலும், சுவரெழுத்து மட்டும்தான் எங்கள் ஊர்க் குடலைப் பற்றிப் பேசுகிறது என்பது உறுத்துகிறது.

ஆன்லைனில் ஒரு கிட் வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். கொஞ்சம் பெருமையாகவே நீட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

"இது ஒரு தொந்தரவும் இல்லாதவங்களுக்குங்க. தெரியாத ரத்தத்தைத் தேடறதுக்கு. உங்கப்பாவுக்குத்தான் எட்டு மாசமா கண்ணுக்குத் தெரியுதே. இதுல நெகட்டிவ்னு வந்துட்டா அதைக் காட்டியே அவர் இன்னும் ஒரு வருஷம் வராம இருப்பார்."

இரண்டு வாரம் நான் படித்த வரலாறு முழுக்க, நோய் இருக்கிறது என்றே தெரியாதவர்களுடையது. அப்பா அந்த வரிசையில் எட்டு மாதத்துக்கு முன்பே தாண்டிப் போயிருந்தார். அதைக் கவனிக்காமல் நானும் அவரோடு சேர்ந்து பயந்துகொண்டிருந்தேன்.

வீட்டில் நான் எதுவும் பேசவில்லை. அம்மாதான் பேசினார். மறுநாள் அந்த பேதி மருந்துக் கரைசலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க என்னைத் திட்டினார் அப்பா. குழாய் விட்டதே அவருக்குத் தெரியவில்லை, தூங்கிவிட்டார். இடப்பக்கக் குடலில் கட்டி. மூலமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் ஆகி இப்போது ஒன்றரை வருடம். தோப்புக்குப் போகிறார், வேலையாட்களைத் திட்டுகிறார்.

போன மாதம் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் என் வயதைக் கேட்டார். 33 என்றேன். அப்பாவுக்கு 60 வயதுக்குள் வந்ததால் எனக்கு 40 ஆனதும் கொலோனோஸ்கோபி செய்துவிட வேண்டுமாம். நடுவில் ரத்தம் தெரிந்தால் அதுவரை காத்திருக்கவே கூடாது.

திரும்பி வரும்போது கார் கிணத்துக்கடவு தாண்டும் வரை அப்பா பேசவில்லை. அப்புறம் கேட்டார்.

"அந்தப் பொட்டி ஒண்ணு வாங்கி வெச்சிருந்தயே, அது இன்னும் இருக்குதா?"

"இருக்குதுங்கப்பா."

"அதைத் தூக்கி வீசிப்போடு மொதல்ல. உனக்கு நாப்பது ஆறப்ப நானே கூட்டிட்டுப் போறேன்."